மரச்சட்டத்தின் உள் அளவு

கழிமுகத்தின் ஓரத்தில் இருந்த பல்கலைக்கழகக் கள ஆய்வு நிலையத்தில் அவருக்கு இரண்டு பெயர்கள் இருந்தன. வருகைப் பதிவேட்டில் முதுநிலைக் கள உதவியாளர். மற்ற எல்லோர் வாயிலும் மில்லிமீட்டர். இரண்டாவது பெயர் அவர் காதுக்கு எட்டாது என்று மாணவர்கள் நம்பினார்கள். அது எட்டியே பல வருடம் ஆகியிருந்தது. தெரிந்தும் தெரியாத மாதிரி இருப்பதில் அவருக்கு ஒரு சுகம். ஒரு மனிதனைக் கேலி செய்ய அவனுடைய துல்லியத்தைத் தவிர வேறெதுவும் கிடைக்கவில்லை என்றால், அது கேலியில் சேர்த்தியா, விருதில் சேர்த்தியா?

அவருடைய முக்கியமான வேலை நத்தை எண்ணுவது. மாதத்துக்கு ஒரு முறை, கடல்நீர் மிகவும் வற்றும் நாளில், நிலையத்துக்கு எதிரே உள்ள பாறைத்திட்டு வெளியே தலைகாட்டும். பாறையில் இருபது இடங்களில் பித்தளை ஆணி அடித்திருக்கும். ஒவ்வோர் ஆணியிலும் ஒரு மீட்டர் சதுரச் சட்டத்தின் மூலையைப் பொருத்தி, சட்டத்துக்குள் அகப்பட்ட கறுப்பு நத்தைகளை ஒவ்வொன்றாக எண்ணி, நனைந்தாலும் கிழியாத நோட்டில் பென்சிலால் எழுத வேண்டும். பன்னிரண்டு வருடமாக ஒரு மாதம் தவறாமல் இதைச் செய்திருந்தார். நத்தை எண்ணுகிறவன் என்று சொன்னால் எவன் வீட்டிலும் பெண் கொடுக்க மாட்டார்கள். நல்லவேளை, இந்த வேலைக்கு வருவதற்கு முன்பே அவருக்குக் கல்யாணம் முடிந்திருந்தது.

அந்த நத்தைகள் அவருக்கு ஒரு சின்னப் புகழையும் தேடித் தந்திருந்தன. முதல் ஏழு வருடம் ஒரு சட்டத்துக்குச் சராசரியாக ஐம்பத்தொன்பது நத்தைகள். ஐந்து வருடத்துக்கு முன்னால் அது திடீரென்று ஐம்பதுக்கு இறங்கியது, அதற்குப் பிறகு ஏறவே இல்லை. அந்த வருடம்தான் ஆற்றில் பெருவெள்ளம் வந்து கழிமுகம் முழுக்க நன்னீராகிப் போயிருந்தது. நிலையத்தின் பொறுப்பாளரான பேராசிரியை இரண்டையும் முடிச்சுப் போட்டு ஒரு கட்டுரை எழுதினார். கடைசி வரியில், "கள உதவியாளரின் துல்லியமான கணக்கெடுப்புக்கு நன்றி" என்று இருந்தது. அந்த வரி எந்தப் பக்கத்தில், மேலிருந்து எத்தனையாவது வரியில் இருக்கிறது என்பதை, கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் அவர் சொல்லியிருந்தார்.

இப்படி இருக்கும்போதுதான் அந்த ஆராய்ச்சி மாணவி வந்து சேர்ந்தாள். அதே நத்தைகளைப் பற்றித்தான் அவளுடைய முனைவர் பட்டமும். கூடவே பல்கலைக்கழகப் பட்டறையில் செய்த அலுமினியச் சட்டம் ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்திருந்தாள். அவர் எண்ணி முடித்த ஆணியிலேயே அவளும் அதை வைத்து எண்ணினாள். அவர் ஐம்பத்திரண்டு என்றால் அவள் அறுபத்தொன்று. அவர் நாற்பத்தேழு என்றால் அவள் ஐம்பத்தாறு. ஒரு மாதம் இல்லை, மூன்று மாதமாக இதே கதை.

"செத்த நத்தையோட காலி ஓட்டையும் சேத்து எண்ணுறீங்கம்மா" என்றார் முதல் மாதம், தகப்பனார் தொனியில்.

"இல்ல சார், ஒவ்வொண்ணையும் தொட்டுப் பாத்துத்தான் எண்றேன்."

"அப்ப எண்ணினதையே திரும்ப எண்ணுறீங்க."

"சாக்பீஸால புள்ளி வெச்சுக்கிட்டே வர்றேன் சார்."

இரண்டாம் மாதம் அவருக்குச் சுருக்கென்றது. மூன்றாம் மாதம் அவள் கேட்ட கேள்வி அதைவிட மோசம்.

"சார், ஒருவேளை நீங்க சிலதை விட்டுடுறீங்களோ?"

பாறை ஓரத்தில் படகைக் கட்டிக்கொண்டிருந்த நிலையத்துப் படகோட்டி, கயிற்றை விட்டுவிட்டுச் சிரித்தார். "யாரைப் பாத்து என்ன கேட்டுட்டே தாயி! அவரு கருவாட்டுல முள்ளு எத்தனைன்னு எண்ணிட்டுத்தான் சாப்பிடுவாரு!"

மூன்று வாரம் உள்ளுக்குள் பொருமிவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மில்லிமீட்டர் பேராசிரியைக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தார். கடிதம் எழுதுவது என்றால் அவருக்கு ஒரு முறை உண்டு. பொருள், பார்வை, பத்திக்கு எண், கோப்புக்கு ஒரு நகல். மின்னஞ்சல் அவருக்கு ஆகாது. பத்திக்கு எண் போட்டால் அது தன்னிஷ்டத்துக்கு வரியை உள்ளே தள்ளிவிடும். மூன்று பக்கம் எழுதினார். பத்தி 4: மேற்படி மாணவியின் எண்ணிக்கை தொடர்ந்து மிகையாக உள்ளது. பத்தி 6: அவருடைய கண்பார்வையைப் பரிசோதிப்பது நலம். பத்தி 8: பன்னிரண்டு ஆண்டுப் பதிவுகளின் தூய்மை இதனால் கெடும் அபாயம் உண்டு. பத்தி 9: இது எவ்வகையிலும் புகார் அன்று.

திங்கட்கிழமை ஜீப்பில் கடிதம் போனது. புதன்கிழமை பேராசிரியை தொலைபேசியில் கூப்பிட்டார்.

"லெட்டர் படிச்சேன் சார். பன்னெண்டு வருஷமா எண்றீங்க, நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். எண்ணவே வரலேன்னா அங்க இருந்து என்ன பிரயோஜனம்? சனிக்கிழமை ஜீப்ல வர்றேன். திரும்பும்போது அந்தப் பொண்ணையும் கூட்டிட்டு வந்துடறேன். வேற யாராவது பாத்துக்கட்டும். அவகிட்ட நானே சொல்லிக்கறேன், நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம்."

இவ்வளவு தூரம் போகும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. மாணவி தன் தவறை உணர்ந்து, அவரிடம் வந்து, எப்படி எண்ணுவது என்று கேட்டுக்கொள்வாள் என்ற அளவில்தான் கற்பனை ஓடியிருந்தது. லேசாக உறுத்தியது. உறுத்தலைப் போக்க அவருக்குத் தெரிந்த ஒரே வழி, தான் சொன்னதற்கு இன்னும் வலுவான ஆதாரம் தேடுவது. ஒருவேளை அவளுடைய சட்டமே அளவில் பெரிதாக இருக்கலாம் அல்லவா? அப்படியானால் பாவம், குற்றம் பட்டறையுடையது. கண்பார்வையைப் பற்றிய பத்தி 6-ஐப் பெருந்தன்மையோடு வாபஸ் வாங்கிக்கொள்ளலாம்.

வியாழக்கிழமை காலை அவள் மைக்ராஸ்கோப்பில் கண்ணைப் பதித்திருந்த நேரம், மில்லிமீட்டர் இரும்பு டேப்பை எடுத்துக்கொண்டு படகுக் கொட்டகைக்குப் போனார். இரண்டு சட்டங்களும் அங்கேதான் சுவரில் சாய்ந்திருந்தன. அலுமினியச் சட்டத்தின் உள்பக்கத்தை அளந்தார். சரியாக நூறு சென்டிமீட்டர். நான்கு பக்கமும் நூறு. மூலைக்கு மூலையும் பிசகில்லை. பட்டறைக்காரன் ஒழுங்கான ஆள்தான் என்று ஏமாற்றத்தோடு ஒப்புக்கொண்டார்.

பிறகு, ஒரு முறைக்காக, தன்னுடைய மரச்சட்டத்தின் மேல் டேப்பை வைத்தார்.

வெளி ஓரத்திலிருந்து வெளி ஓரம்: நூறு. நல்லது. உள் ஓரத்திலிருந்து உள் ஓரம்: தொண்ணூற்றிரண்டு.

டேப்பைத் திருப்பி வைத்து அளந்தார். தொண்ணூற்றிரண்டு. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு அளந்தார். டேப்பின் நுனிக் கொக்கி வளைந்திருக்கும் என்று பத்து சென்டிமீட்டரிலிருந்து தொடங்கி அளந்தார். தொண்ணூற்றிரண்டு. கொட்டகைக்குப் பின்புறமே பணியாளர் குடியிருப்பு. வீட்டுக்கு ஓடி, தையல் மெஷினில் உட்கார்ந்திருந்த மனைவியின் கழுத்திலிருந்து துணி டேப்பை உருவிக்கொண்டு வந்து அளந்தார். துணி டேப் தொண்ணூற்றொன்றரை என்றது. அதைவிட்டு இரும்பு டேப்பே தேவலை என்று திரும்பினார்.

மரச்சட்டத்தின் கட்டைகள் ஒவ்வொன்றும் நான்கு சென்டிமீட்டர் அகலம். இரண்டு பக்கமும் சேர்ந்து எட்டு. ஐந்து வருடமாக அவர் ஒரு மீட்டர் சதுரத்தில் எண்ணவில்லை. பாறையின் ஒரு பகுதியைக் கட்டைக்கு அடியில் மூடி வைத்துவிட்டு, மிச்சத்தில் எண்ணியிருக்கிறார். கொட்டகைத் தரையிலேயே சுண்ணாம்புக் கட்டியால் பெருக்கிப் பார்த்தார். நூற்றுக்குப் பதினைந்து போய்விடுகிறது. ஐம்பத்தொன்பதில் பதினைந்து சதவீதம் போனால் ஐம்பது.

வெள்ளம் நத்தைகளைக் கொல்லவில்லை. அவர்தான் கட்டையைப் போட்டு மறைத்திருந்தார்.

ஐந்து வருடத்துக்கு முன்னால் பழைய இரும்புச் சட்டம் துருப்பிடித்து முறிந்துபோனது. அது விரல் தடிமன்கூட இல்லாத கம்பி. உள்ளே அளந்தாலும் வெளியே அளந்தாலும் பெரிய வித்தியாசம் இருக்காது. அடுத்து மரத்தில் செய்யச் சொல்லித் தச்சரிடம் கொடுத்தார்கள். அப்போதுதான் நடந்திருக்க வேண்டும். தச்சர்! அவர் மனதில் ஒரு விளக்கு எரிந்தது. தவறு தச்சருடையதாக இருந்துவிட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும்! அதுவும் அந்தத் தச்சர் வேறு யாருமில்லை, மனைவியின் அண்ணன். இருபது வருட உறவில் மச்சானை நாலு வார்த்தை கேட்கக் கிடைத்த முதல் வாய்ப்பு.

மரச்சட்டத்தைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு மத்தியானமே மரப்பட்டறைக்குப் போனார்.

"வாங்க மாப்பிள்ளை" என்று மச்சான் மரம் சீவிக்கொண்டிருந்த இழைப்புளியை நிறுத்தாமலே வரவேற்றார். "என்ன, சட்டத்தைப் பொணம் மாதிரி தூக்கிட்டு வர்றீங்க?"

"மச்சான், இது என்ன அளவு?"

"ஒரு மீட்டர்."

"எங்கேருந்து எங்கே?"

மச்சான் இழைப்புளியைக் கீழே வைத்தார். சுவரில் கம்பியில் குத்தி வைத்திருந்த காகிதக் கட்டைக் கழற்றி, எச்சில் தொட்டுப் புரட்டி, ஒரு தாளை உருவினார். மில்லிமீட்டருக்கு அந்தத் தாளைத் தூரத்திலிருந்தே அடையாளம் தெரிந்தது. கட்டம் போட்ட காகிதம். அவரே அளவுகோல் வைத்து வரைந்த படம். அளவைக் காட்டும் இரண்டு அம்புகளும் சட்டத்தின் வெளி ஓரத்தில் கச்சிதமாகப் போய்க் குத்தி நின்றன. கீழே சிவப்பு மையில், "இந்த அளவில் ஒரு மில்லிமீட்டர்கூட மாறக் கூடாது" என்று இருந்தது. அதற்குக் கீழே அவருடைய கையெழுத்து, தேதி.

"உள் அளவா வெளி அளவான்னு நான் கேட்டேன் மாப்பிள்ளை. ஞாபகம் இருக்கா?"

ஞாபகம் இருந்தது. இல்லாமல் இருந்திருக்கக் கூடாதா என்று இருந்தது.

"தச்சுவேலையில முதல்ல கேக்கற கேள்வியே அதுதான். கதவு செஞ்சாலும் அதான், ஜன்னல் செஞ்சாலும் அதான். நீங்க என்ன சொன்னீங்க? 'படத்துல எல்லாம் தெளிவா இருக்கு, படத்தைப் பாத்துச் செய்யுங்க'ன்னீங்க. என்னடா, நத்தைக்கு வீடு கட்டறாங்களோ, நமக்குத் தெரியாத படிப்போன்னு நானும் விட்டுட்டேன்."

மில்லிமீட்டர் பட்டறையின் மரத்துண்டுக் குவியலில் உட்கார்ந்தார். நடந்ததையெல்லாம் சொன்னார். கடிதம், பத்தி 6, சனிக்கிழமை ஜீப் என எல்லாவற்றையும். மச்சான் நல்ல மனுஷன். சிரிப்பை அடக்க இரண்டு தடவை வெளியே போய் வந்தார்.

"சரி விடுங்க. ஒரு ராத்திரி தூக்கத்தைக் கெடுத்துக்காதீங்க. நாளைக்கே உள்ள சரியா ஒரு மீட்டர் வர்ற மாதிரி புதுசு பண்ணித் தர்றேன். அதே மரம், அதே பச்சைப் பெயிண்டு. பழசை அடுப்புல வெச்சிடலாம். எவன் கண்டுபிடிப்பான்?"

அவருக்கு அந்த யோசனை பிடித்தே இருந்தது. அதை மறைத்துப் பயனில்லை. திரும்பி வரும் வழியெல்லாம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே அதை முறைப்படி ஆராய்ந்தார். புதுச் சட்டத்தோடு அடுத்த முறை எண்ணினால் என்ன ஆகும்? ஐம்பது மறுபடி ஐம்பத்தொன்பது ஆகும். ஒரே மாதத்தில் பாறை முழுக்க நத்தை. பேராசிரியை ஆனந்தக் கண்ணீரோடு, நத்தைகள் மீண்டு வந்ததைப் பற்றி இன்னொரு கட்டுரை எழுதுவார். அதன் கடைசி வரியில் மறுபடியும் துல்லியத்துக்கு நன்றி சொல்வார். நத்தைகளைக் கொன்றவரும் அவரே, பிழைக்க வைத்தவரும் அவரே. கடவுளுக்குக்கூட அதற்குக் கொஞ்சம் மெனக்கெட வேண்டியிருக்கும். அவருக்கு ஒரு தச்சர் போதும்.

ஆனால் அந்த ஆனந்தத்தைப் பார்க்க மாணவி இருக்க மாட்டாள். எண்ணத் தெரியாதவள் என்று பெயர் வாங்கிக்கொண்டு எந்த ஊரிலோ இருப்பாள். சரியாக எண்ணியதுதான் அவள் செய்த குற்றம். யோசனை அந்த இடத்துக்கு வந்ததும் சைக்கிள் கனத்தது. சக்கரத்தில் காற்று இல்லையோ என்று பார்த்தார். காற்று இருந்தது.

வீட்டில் மனைவி ரவிக்கைக்குக் கை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள். அண்ணன் ஏற்கெனவே தொலைபேசியில் எல்லாவற்றையும் ஒப்பித்திருந்தார்.

"நான் ஜாக்கெட்டுக்கு அளவு எடுக்கறேன், எங்கண்ணன் ஜன்னலுக்கு அளவு எடுக்கறான். ரெண்டு பேரும் பத்தாவது தாண்டல. குடும்பத்துல படிச்ச ஆளு நீங்க ஒருத்தர்தான்" என்றாள். மெஷினை மிதிக்கத் தொடங்கினாள். திட்டியிருந்தால் தேவலாம் போல இருந்தது.

அவர் மேஜையில் உட்கார்ந்து இரண்டாவது கடிதத்தைத் தொடங்கினார். பொருள்: கணக்கெடுப்புச் சட்டத்தின் அளவு, தெளிவுரை. ஒரு மணி நேரம் கழித்து மனைவியிடம் நீட்டினார். அவள் வாயிலிருந்த ஊசியை எடுத்துவிட்டுப் படித்தாள்.

"சட்டத்தின் அளவில் சிறு வேறுபாடு ஏற்பட்டிருக்கக்கூடும் எனத் தோன்றுகிறது... என்னங்க இது? யாருக்குத் தோணுது? யார் ஏற்படுத்தினது? படிச்சா மரம் தானா ஊறிப் பெருத்த மாதிரி இருக்கு."

"ஆபீஸ் கடிதம் அப்படித்தான் எழுதணும்."

"அந்தப் பொண்ணுக்குக் கண்ணு தெரியலேன்னு எழுதினப்ப மட்டும் அப்படி எழுதலியே? அதுல ஆளு பேரே இருந்துச்சாமே."

இரண்டாவது முறை எழுதினார். அதில் தவறு தச்சருக்கும் படத்துக்கும் இடையில் எங்கோ தொங்கியது. மூன்றாவதில் இரும்புச் சட்டம் துருப்பிடித்த வரலாறு ஒரு பக்கம் வந்துவிட்டது. மனைவி ஒவ்வொன்றையும் படித்துவிட்டு, ரவிக்கையைப் பிரித்துத் தைக்கச் சொல்லும் வாடிக்கைக்காரியைப் பார்ப்பது போலப் பார்த்தாள். வெள்ளிக்கிழமை மாலை அவரிடம் ஏழு கடிதங்கள் இருந்தன. ஏழையும் படித்தால் யாரும் தப்பே செய்யவில்லை என்றுதான் தோன்றும்.

சனிக்கிழமை பத்து மணிக்கு ஜீப் வந்தது. பதினொன்றரைக்கு நீர் முழுதாக வற்றும் நாள். பேராசிரியை செருப்பில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டு நேராக ஆய்வுக்கூடத்துக்குள் வந்தார். மாணவி நோட்டுகளை அடுக்கி, தான் இதுவரை செய்ததைக் காட்டத் தயாராக நின்றாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. அந்த முகத்தைப் பார்க்க முடியாமல் மில்லிமீட்டர் அலமாரியில் ஃபார்மலின் ஜாடிக்குள் மிதந்த விலாங்கு மீனைப் பார்த்தார். அது அவரைவிடத் தெம்பாக இருந்தது.

"உக்காரும்மா" என்றார் பேராசிரியை. "உன்கிட்ட ஒரு விஷயம் பேசணும். மனசுல எதுவும் வெச்சுக்காதே—"

"மேடம், ஒரு நிமிஷம்" என்றார் மில்லிமீட்டர்.

சட்டைப் பையில் ஏழு கடிதங்கள் இருந்தன. எட்டாவது தடவையாக அவற்றில் எதைக் கொடுப்பது என்று யோசித்தார். பிறகு வெளியே போய் மரச்சட்டத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். அது கதவு இடுக்கில் நுழைய மறுத்தது. பக்கவாட்டில் சாய்த்து, ஒரு ஜாடியைத் தட்டி, படகோட்டி வந்து கைகொடுத்து, ஒருவழியாக மேஜை மேல் கிடத்தினார்கள். அதன் மேல் இரும்பு டேப்பை வைத்தார்.

"உள் பக்கம் அளந்து பாருங்க மேடம்."

பேராசிரியை அளந்தார். இன்னொரு பக்கம் அளந்தார். பிறகு வெளிப்பக்கம் அளந்தார். டேப் சர்ரென்று சுருண்டு உள்ளே போனது.

"இது எப்போலேருந்து?"

"அஞ்சு வருஷமா மேடம். படம் போட்டுக் குடுத்தது நான். உள் அளவா வெளி அளவான்னு தச்சர் கேட்டார். கேள்வியே தேவையில்லைன்னு சொன்னதும் நான்தான். அந்தம்மா எண்ணினது எல்லாம் சரி. நான் எழுதின லெட்டர்தான் தப்பு."

ஆறு வாக்கியம். ஏழு கடிதத்தில் வராதது. படகோட்டி தொப்பியைக் கழற்றித் திரும்பப் போட்டுக்கொண்டார்.

பேராசிரியை நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார். "மூணு கூட்டத்துல பேசியிருக்கேன் சார்" என்றார். "வெள்ளம் வந்து நத்தையெல்லாம் செத்துப்போச்சுன்னு. படம் போட்டு, அம்புக்குறி போட்டு. ஒருத்தர் எழுந்து, வெள்ளத்துல செத்திருந்தா ரெண்டு வருஷத்துல திரும்பிப் பெருகியிருக்கணுமேன்னு கேட்டார். அவருக்குக் களம் தெரியாதுன்னு சொல்லி உக்கார வெச்சேன்." குரல் ஏறியது. "அஞ்சு வருஷம்! அறுபது மாசம்! ஒரு தடவைகூடவா அளந்து பாக்கத் தோணல?"

"மத்தவங்களோடதை அளக்கத்தான் மேடம் தோணிச்சு."

அவர் அதை நகைச்சுவைக்காகச் சொல்லவில்லை. ஆனால் பேராசிரியையின் முகத்தில் ஏதோ ஒன்று தளர்ந்தது. அதற்குள் மாணவி தன் நோட்டின் பின்பக்கத்தில் எதையோ வேகமாகக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"மேடம், இங்க பாருங்க. சாரோட நம்பரை எல்லாம் புள்ளி எட்டு நாலு ஆறால வகுத்தா, பழைய ஏழு வருஷ நம்பரோட அப்படியே பொருந்துது. ஒரு மாசம்கூடப் பிசகல. சார் எண்ணினதுல தப்பே இல்ல. எண்ணின இடம்தான் சின்னது. டேட்டா எதையும் தூக்கிப் போட வேண்டியதில்ல."

பேராசிரியை கணக்கைப் பார்த்தார். "தப்பைக்கூட இந்த மனுஷன் ஒரு மாசம் விடாம ஒரே மாதிரி பண்ணியிருக்கார்" என்றார். அது பாராட்டா திட்டா என்று மில்லிமீட்டருக்கு விளங்கவில்லை. இரண்டுக்கும் பொதுவாகத் தலையை ஆட்டி வைத்தார்.

"கட்டுரைக்குத் திருத்தம் போடணும். தப்பு எப்படி நடந்துச்சுன்னு அதுல எழுதணும். நீங்க இப்ப சொன்னீங்களே, அந்த ஆறு வரி. அதை அப்படியே எழுதிக் குடுங்க. பத்திக்கு நம்பர் போடாதீங்க."

"சரி மேடம்."

"சார்" என்றாள் மாணவி. "லெட்டர்னு சொன்னீங்களே, என்ன லெட்டர்?"

பேராசிரியை ஜன்னல் பக்கம் பார்த்தார். படகோட்டி விலாங்கு மீனைப் பார்த்தார். மில்லிமீட்டர் கோப்பு அலமாரியைத் திறந்து நகலை எடுத்து அவளிடம் கொடுத்தார். அவளே படித்துக்கொள்ளட்டும் என்பதைவிட, தன் வாயால் படித்துக்காட்டத் தைரியம் இல்லை என்பதே உண்மை. அவள் நின்றவாக்கிலேயே முதல் பக்கம் படித்தாள். இரண்டாவது பக்கத்தின் நடுவில் முகம் சிவந்தது.

"கண்பார்வையைப் பரிசோதிப்பது நலமா?"

"அதை வாபஸ் வாங்கிக்கறேம்மா. எல்லாத்தையும்."

"என்னைத் திருப்பி அனுப்பத்தான் மேடம் வந்தாங்களா?"

பதிலுக்குக் காத்திராமல் அவள் கடிதத்தை நான்காக மடித்துத் தன் நோட்டுக்குள் வைத்துக்கொண்டாள்.

"மூணு மாசமா ராத்திரியெல்லாம் அழுதிருக்கேன் சார். எண்ணவே வரலியோன்னு. அம்மாகிட்ட சொன்னேன், வேற வேலைக்குப் போயிடலாமான்னு." நோட்டை மூடினாள். "இந்த நகலை நான் வெச்சுக்கறேன்."

"வெச்சுக்கங்கம்மா. வேணும்னா ஒரிஜினலையும் வாங்கித் தர்றேன்."

அவள் சிரிக்கவில்லை. சிரிப்பாள் என்று எதிர்பார்த்த தன் புத்தியை அவர் மனதுக்குள் ஓங்கி ஒரு அறை அறைந்தார்.

"பதினொண்ணேகால் ஆச்சு" என்றார் படகோட்டி வாசலிலிருந்து. "சண்டையை அப்புறம் வெச்சுக்கங்க. தண்ணி உங்களுக்காக நிக்காது."

பேராசிரியை எழுந்தார். "ரெண்டு சட்டத்தையும் எடுத்துட்டு வாங்க. இருபது ஆணியிலயும் ரெண்டையும் வெச்சு எண்ணிடுவோம். திருத்தத்துல வெறும் வகுத்தல் கணக்கு போதாது, நேர்ல எண்ணிப் பாத்ததும் இருக்கணும். ரெண்டு பேரும் தனித்தனியா எண்ணுங்க. நான் எழுதறேன்." மாணவியைப் பார்த்து நிறுத்தினார். "உனக்கு இங்க இருக்க இஷ்டம் இருந்தா."

"நான் எங்கயும் போகல மேடம்" என்றாள் அவள். அலுமினியச் சட்டத்தை எடுக்கக் கொட்டகைக்கு முதலில் போனவளும் அவள்தான்.

பாறை வழுக்கியது. முதல் ஆணியில் இருவரும் அலுமினியச் சட்டத்துக்குள் எண்ணினார்கள். அவர் ஐம்பத்தேழு என்றார், அவள் ஐம்பத்தொன்பது என்றாள். பன்னிரண்டு வருடப் பழக்கத்தில் அவர் வாய் திறந்தது. கையால் பொத்திக்கொண்டார்.

"எங்கம்மா அந்த ரெண்டு?"

அவள் ஒரு வெடிப்பைச் சுட்டினாள். மண்டியிட்டு, கன்னம் பாறையில் படக் குனிந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, இறக்கிப் பார்த்த பிறகுதான் உள்ளே மிளகு அளவில் இரண்டு குட்டி நத்தைகள் தெரிந்தன.

"பத்தி ஆறு" என்றாள் அவள். அவ்வளவுதான். முகத்தில் ஒன்றும் இல்லை.

"எழுதிக்கங்க மேடம்" என்றார் அவர். "கள உதவியாளரின் கண்பார்வையைப் பரிசோதிப்பது நலம்."

பேராசிரியை குனிந்து நோட்டில் எழுதிக்கொண்டார். உண்மையிலேயே எழுதினாரா என்று எட்டிப் பார்க்க அவருக்குத் துணிச்சல் வரவில்லை.

பதினோராம் ஆணியில் பெரிய சிக்கல் வந்தது. ஒரு நத்தை சரியாகச் சட்டத்தின் உள் ஓரத்தில், பாதி உடல் உள்ளேயும் பாதி வெளியேயுமாக உட்கார்ந்திருந்தது.

"இடது பக்கமும் மேல் பக்கமும் தொட்டா சேத்துக்கணும். வலது பக்கமும் கீழ் பக்கமும் தொட்டா விட்டுடணும். இது வலது பக்கம், விட்டுடணும்" என்றார் மில்லிமீட்டர்.

"அது பழைய முறை சார். பாதிக்கு மேல உள்ள இருந்தா சேத்துக்கறதுதான் இப்ப."

"இது பாதிதானேம்மா, பாதிக்கு மேல எங்க?"

"நல்லா பாருங்க. பாதிக்கு மேலதான்."

"டேப்பை எடுங்க" என்றார் பேராசிரியை.

மூன்று பேரும் அந்த ஒரு நத்தையைச் சுற்றிக் குந்தி உட்கார்ந்தார்கள். படகோட்டி, திரும்பி ஏறத் தொடங்கிய நீரைப் பார்த்துக்கொண்டே, "இன்னும் ஒன்பது ஆணி கெடக்கு" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பழைய முறைக்கு அவர் மூன்று காரணம் சொன்னார். புதிய முறைக்கு அவள் நான்கு சொன்னாள். அவளுடைய மூன்றாவது காரணத்தில் விஷயம் இருந்தது. அதை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்குமே என்று அவர் நான்காவதை மறுத்துப் பேசிக்கொண்டிருந்தபோது, முதல் அலையின் நுரை வந்து பாறையை நனைத்தது. ஈரம் பட்ட நத்தை கொம்புகளை நீட்டி, நிதானமாகச் சட்டத்தை விட்டு வெளியே ஊர்ந்து போய்விட்டது.

"விட்டுடலாம்" என்றாள் மாணவி.

"விட்டுடலாம்" என்றார் அவர்.

பேராசிரியை அடுத்த ஆணியைத் தேடிக்கொண்டு முன்னால் நடந்தார்.